வில்லும் சுத்தியலும்



சங்கீதத்தின்பால் அன்பு பூண்ட ஒருவர், தாம் வாழ்ந்த நாளில் தமக்குக் கிட்டிய இன்பம் தமக்குப் பின் வருவோர்க்கும் கிட்டவேண்டும் என்னும் ஒரே விருப்பத்தால் தம் பொருளில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க, அதன் பயனாக ஆண்டுதோறும் ஒருநாள் நாம் இவ்வாறு ஒருங்கிருந்து இசையைப் பற்றிச் சிந்திக்கும் பேறு பெற்றிருக்கிறோம். மேல்நாட்டார் வயலினையும் பியானோவையும் இணைத்து நிகழ்த்தும் கச்சேரியைப் பற்றிப் பேசுமாறு இவ்வாண்டு என்னைப் பணித்தார்கள். பொருளோ கடல் போன்றது. ஒரு மணி நேரத்தில் அதன் கரை முழுவதையும் சுற்றிவர எண்ணுவதைவிட, ஒரே துறையில் இறங்கிச் சற்று நின்று நீராடுவதே நலம் என்று கருதி, ஒரே ஒரு கச்சேரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அது 1940 ஏப்ரல் 13ஆம் நாள், சனிக்கிழமை, அமெரிக்க நாட்டுத் தலைநகரான வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் நடைபெற்றது. வயலின் வாசித்தவர் ஜோசப் சிகெட்டி. பியானோ வாசித்தவர் பேலா பார்ட்டோக். இருவரும் ஹங்கேரி நாட்டவர். முன்னவருக்கு வயது நாற்பத்தேழு, பின்னவருக்கு ஐம்பத்தொன்பது. பீத்தோவனின் ‘கிராய்ட்ஸர்’ ஸொனாட்டா, டெபுஸியின் வயலின் ஸொனாட்டா, பார்ட்டோக்கின் முதல் ராப்ஸோடி, இரண்டாம் ஸொனாட்டா ஆகிய நான்கு உருப்படிகளை அவர்கள் அன்று வாசித்தார்கள். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்திருந்தன. அன்று நிகழ்ந்த வாசிப்பை நூலகத்தார் தட்டுகளில் பதிவு செய்துகொண்டார்கள். பல்லாண்டு கழித்து அது இசைத்தட்டாக வெளிவந்தது. அதனாலேயே, அக்காலத்தில் கடலுக்கு இப்பால் இருந்த நம்போன்றோரும் இன்று அந்த அரங்கின் ஓர் ஓரத்தில் அமர்ந்து கேட்க முடிகிறது.

அரங்கும் அறமும்

அந்த அரங்கைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்வது இம்மேடைக்குப் பொருந்தும். எலிஸபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் என்னும் அம்மையார், தாமே பியானோ பயின்றவர். பெருஞ்செல்வத்துக்கு உரியவரானபோது, சிலரே கூடி வாசிக்கும் சிற்றரங்க இசைக்கு ஒரு நிலையான வீடு அமையவேண்டும் என்று கருதி, நாட்டின் நூலகத்துக்கே ஓர் இசையரங்கையும், அதில் கச்சேரிகள் நடத்தவும் புதிய உருப்படிகளை எழுதுவிக்கவும் ஒரு நிதியையும் அளிக்க முன்வந்தார். இத்தகைய கொடையை ஏற்று நிர்வகிக்க நூலகத்துக்கு அதுவரை முறையான ஏற்பாடு இல்லாமையால், அதன்பொருட்டு 1925இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அரங்கம் திறக்கப்பெற்றது. பார்ட்டோக்கின் ஐந்தாம் நால்வாத்தியப் படைப்பு அந்த அம்மையாரின் வேண்டுகோளால் 1934இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டு அதே அரங்கில் அரங்கேறியது. ஆகவே 1940இல் பார்ட்டோக் அங்கே வந்து அமர்ந்தபோது, அவரது இசை அவருக்கு முன்பே அங்குக் குடியேறியிருந்தது.

இந்த அம்மையார் செவிப்புலன் மெல்ல மெல்ல மங்கும் நோயால் வருந்தியவர் என்பதை அறிந்த நாள்முதல் என் உள்ளத்தில் அவர்பால் தோன்றிய மதிப்பு ஒன்றுக்குப் பத்தாக வளர்ந்தது. தம் காதுக்கு அரிதாகிக்கொண்டே வந்த ஒன்றைப் பிறர் காதுக்கு எளிதாக்குவதில் தம் பொருளையும் பொழுதையும் செலவிட்டார் அவர். கேட்டல் என்பதன் அருமையை அவரைவிட நன்கு உணர்ந்தவர் எவர்? நான் இன்று சொல்ல வந்ததும் கேட்டலைப் பற்றியதே ஆகும்.

இரண்டு வாத்தியங்கள்

வயலினும் பியானோவும் இயல்பால் நட்புடையவை அல்ல. வயலினில் வில் தந்தியைத் தழுவி இழுக்கிறது. வில் நகருமளவும் நாதம் உயிரோடு இருக்கும். தோன்றிய பின்னும் அது வளரலாம், தேயலாம், நடுங்கலாம். பியானோவில் கம்பளி போர்த்திய சுத்தியல் தந்தியை ஒருமுறை தட்டிவிட்டு உடனே விலகிவிடுகிறது. தட்டிய கணத்தில் அந்த நாதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவே அதன் செல்வம். அதற்குப்பின் அது குறைவதன்றிப் பெருகுவதில்லை. பியானோ வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்தையும் பிறந்தவுடன் இழக்கத் தொடங்குகிறார் என்றால் அது மிகையாகாது.

சுருதியிலும் இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு. வீணைக்குள்ள மெட்டுகள் வயலினுக்கு இல்லை. விரல் எங்கே பதிகிறதோ அங்கே சுரம் பிறக்கும். பியானோவிலோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்து, சுரங்களை நிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வாறு வகுக்கும்போது இயற்கையான இசைவினின்றும் ஒவ்வொரு சுரமும் சிறிதளவு விலகவேண்டியிருக்கிறது. நம் அந்தரகாந்தாரத்தை எடுத்துக்கொண்டால், ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக எண்ணும்போது, பியானோவின் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிடச் சுமார் பதினான்கு பங்கு உயர்ந்து நிற்கிறது. தனியே வாசிக்கும் வயலின் இயற்கையை நாடும். பியானோவுடன் சேரும்போது அது ஒவ்வொரு கணமும் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே தன் நிலையில் நிற்பது என்று தீர்மானித்தாகவேண்டும்.

நம் நாட்டு வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கையேற்று, நம் இசைக்கு உரியதாக்கினார்கள். ஐரோப்பியரோடு கப்பலேறி வந்த வயலின் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. அதே ஐரோப்பியரின் வீடுகளில் இருந்த பியானோ விருந்தாளியாகவே இருந்து திரும்பியது. காரணம், கமகம். வழுக்கியும் அசைந்தும் செல்லும் சுரத்தை வயலின் தரும். நிலைநின்ற சுரங்களை மட்டுமே உடைய பியானோ தராது.

இத்தகைய இரண்டை ஏன் சேர்க்க வேண்டும்? ஒன்றினிடத்து இல்லாத செல்வம் மற்றொன்றினிடத்து நிரம்ப இருப்பதே காரணம். வயலின் ஓர் இழையை நீட்டி நூற்கும். பியானோ பத்து விரலாலும் பல சுரங்களை ஒருங்கே ஒலித்து, அடித்தளமும் சுவரும் கூரையும் எழுப்பும். எனினும் இக்கூட்டுறவு தொடக்கத்தில் சமமானதாக இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில், இளமைக்கால மொஸார்ட் முதலியோர் எழுதிய ஸொனாட்டாக்கள் விசைப்பலகை வாத்தியத்துக்கு வயலின் துணையோடு எழுதப்பட்டவையே. வயலின் அங்கே பக்கவாத்தியம். பின்னர் வந்த தலைமுறைகளில், மேடையில் வயலின் வித்துவான் நாயகராகவும் பியானோ வாசிப்பவர் உடன் வந்தவராகவும் கருதப்படும் வழக்கம் பரவியது. சமமாக நின்று உரையாடும் கலை இவ்விரண்டு மேடுகளுக்கும் நடுவே ஓடும் ஆறு.

இரண்டு பரம்பரைகள்

அந்த ஆற்றில் அன்று இறங்கிய இருவரும் எத்தகையோர்? சிகெட்டி, யெனோ ஹுபாயின் மாணவர். ஹுபாய், யோஸெஃப் யோவாகிமின் மாணவர். பார்ட்டோக், இஸ்த்வான் தொமானின் மாணவர். தொமான், ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் மாணவர். யோவாகிமும் லிஸ்ட்டும் ஹங்கேரி மண்ணில் பிறந்தவர்கள். வைமர் நகரில் சிலகாலம் ஒருங்கே பணியாற்றியவர்கள். பின்னர், இசை செல்லவேண்டிய நெறி யாது என்ற வினாவில் வேறுபட்டு, 1860இல் யோவாகிமும் இசையமைப்பாளர் பிராம்ஸும் லிஸ்ட் குழுவினரின் புதுநெறிக்கு எதிராக அறிக்கையே எழுதும் அளவுக்குப் பிரிந்தவர்கள். ஒருபுறம் பழைமையின் தூய்மை. மறுபுறம் புதுமையின் வேட்கை. எண்பது ஆண்டுகளுக்குப் பின், அவ்விரு குருபரம்பரையின் பேரப்பிள்ளைகளும் ஒரே மேடையில் அமர்ந்து, பழைமையான பீத்தோவனையும் புதுமையான பார்ட்டோக்கையும் ஒரே சிரத்தையோடு வாசித்தார்கள் என்பதில், பெரியோர்கள் வாதிட்டுத் தீர்க்கமுடியாத ஒன்று வாசிப்பினால் தீர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

சிகெட்டியின் நாதம் தேன்போல் வழியும் நாதம் அன்று. சற்று மெலிந்தது; சில இடங்களில் கரகரப்புடையது; ஆனால் ஒவ்வொரு சொற்றொடரும் பொருள் உணர்ந்து பேசுவோரின் வாக்குப்போல் அமைந்தது. தம் காலத்து இசையாசிரியர்களுக்காக அவர் ஓயாது வாதாடியவர். பெல்ஜிய மேதையான இஸாயி தம் ஆறு தனி வயலின் ஸொனாட்டாக்களுள் முதலாவதை இவருக்கே காணிக்கையாக்கினார். பார்ட்டோக்கோ புடாபெஸ்ட் கலாசாலையில் 1907 முதல் பல்லாண்டு பியானோ ஆசிரியராக விளங்கியவர். இசையமைப்பைக் கற்பிக்க மறுத்தவர். பாஹ், பீத்தோவன் முதலியோரின் நூல்களை மாணவர்க்காகப் பதிப்பித்தவர். சக இசையமைப்பாளர் கோடாயுடன் கூடி ஊர் ஊராகச் சென்று, மெழுகு உருளைகளில் உழவர் பாடல்களைப் பதிவு செய்தவர். தாம் இயற்றியதற்குச் செலவிட்ட நேரத்துக்குக் குறையாத நேரத்தைப் பிறர் பாடியதைக் கேட்பதற்குச் செலவிட்டவர் அவர்.

நான்கு உருப்படிகள்

அன்றைய உருப்படிகளைப் பிறந்த ஆண்டின் வரிசையில் பார்ப்போம். ‘கிராய்ட்ஸர்’ ஸொனாட்டா 1803 மே மாதம் வியன்னாவில் அரங்கேறியது. தம் செவி கெட்டு வருவதை எண்ணி உள்ளம் நொந்து பீத்தோவன் தம் சகோதரர்க்கு முறையீடு எழுதிவைத்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். கச்சேரி காலை எட்டு மணிக்கு. விடியுமுன் நாலரை மணிக்கே தம் மாணவர் ரீஸை எழுப்பி வயலின் பகுதியைப் பிரதி எடுக்கச் சொன்னார் ஆசிரியர். முழுவதும் பிரதியாகாமையால், வயலின் வாசித்த ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்னும் ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர், இடைப்பகுதியை ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியை நோக்கியே வாசிக்க வேண்டியதாயிற்று. பின்னர் இருவருக்கும் மனத்தாங்கல் நேர்ந்து, படைப்பு பிரெஞ்சு வயலின் வித்துவான் ரொடோல்ஃப் கிராய்ட்ஸரின் பெயருக்கு மாறியது. அவரோ அதை மேடையில் வாசித்ததே இல்லை. டால்ஸ்டாய் தம் குறுநாவலுக்கு இதன் பெயரையே சூட்டியதால், இசை கேளாதவரும் இப்பெயரை அறிவர்.

இந்த ஸொனாட்டா, வாத்தியக் குழுவோடு தனிவாத்தியம் எதிர்நின்று வாசிக்கும் கான்செர்ட்டோவை ஏறக்குறைய ஒத்த போட்டி நடையில் அமைந்தது என்று பீத்தோவனே தலைப்பில் குறித்திருக்கிறார். தொடக்கத்தில் வயலின் தனியே, பல தந்திகளைச் சேர்த்து ஒலித்து, மேஜர் சுரவரிசையில் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது. பியானோ அவ்வாக்கியத்தையே ஏற்று, நடுவில் மைனருக்குத் திருப்பிவிடுகிறது. சொல் அதுதான், முகம் வேறு. அந்தத் திருப்பம் ஒன்றினாலேயே, விரைந்து பாயும் முதற்பகுதி முழுவதற்கும் வழி திறந்துவிடுகிறது. நடுப்பகுதியில் ஒரு கீர்த்தனையின் பல்லவிபோல் ஒரு மெட்டும், அதன்மேல் நான்கு வேறுபாடுகளும் வருகின்றன. முதலாவதில் பியானோ மும்மூன்றாகக் கொழிக்க, வயலின் குறுகிய சுரங்களால் ஆமோதித்துக்கொண்டிருக்கும். இரண்டாவதில் வயலின் பறக்க, பியானோ தரையைக் காத்து நிற்கும். மற்றவர் பேசும்போது எவ்வளவு சிறுகவேண்டும் என்பதை இவ்விரு பக்கங்களைப்போல் கற்பிக்கும் பாடநூலை நான் கண்டதில்லை. தட்டில் கேட்கும்போது, பார்ட்டோக் தாளத்தை இறுகப் பிடிக்காமல், மூச்சுவிட இடந்தந்து செல்வதும், அந்த மூச்சை உணர்ந்தவர்போல் சிகெட்டியின் வில் அடுத்த சொல்லை எடுப்பதும் தெளிவாகப் புலனாகின்றன.

டெபுஸியின் ஸொனாட்டா 1917ஆம் ஆண்டினது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியரை உள்ளே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. பல்வேறு வாத்தியங்களுக்காக ஆறு ஸொனாட்டாக்கள் எழுத எண்ணியவர் மூன்றைத்தான் முடித்தார், மூன்றாவது இது, அவர் முற்றுவித்த கடைசிப் படைப்பும் இதுவே. அவ்வாண்டு மே மாதம் பாரிஸில் காஸ்தோன் பூலே வயலினை ஏற்க, தாமே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார்; மறு ஆண்டு மார்ச்சில் மறைந்தார். ஏறத்தாழப் பதின்மூன்று நிமிஷங்களே நீளும் இப்படைப்பில் பீத்தோவனின் வழக்காடலுக்கு இடமில்லை. பியானோ இரண்டு மெல்லிய சேர்க்கைகளை ஒலித்துவிட்டு ஒதுங்க, அவ்வொலி கரைந்துகொண்டிருக்கையில் வயலின் மேலிருந்து இறங்கி வருகிறது. தட்டிய சுரம் தேயும் என்பதைக் குறை என்றேன் அல்லவா? அந்தத் தேய்வையே டெபுஸி அழகாக்கினார். அது தேயும் இடத்தில்தான் வயலினுக்கு வாயில் அமைத்தார்.

இனிப் பார்ட்டோக்கின் படைப்புகள். 1922இல் இயற்றிய இரண்டாம் ஸொனாட்டாவை யெல்லி தாரான்யி என்னும் பெண்மணிக்கு உரிமையாக்கினார். அவர் முன்னர்ச் சொன்ன யோவாகிமின் உறவினர், அவருடைய சகோதரி வழிப் பேத்தி முறையினர். இப்படைப்பில் இரு வாத்தியங்களும் ஒரே மெட்டைப் பங்கிட்டுக்கொள்வது அரிது. வயலினுக்கு வயலினுக்கே உரிய பாட்டும், பியானோவுக்குத் தட்டுவதற்கே உரிய ஒலிக்கூட்டமும் தந்து, ஒன்றன் உடையை மற்றொன்றுக்கு உடுத்தாமல் விட்டார் ஆசிரியர். பகுதிகள் இரண்டே, முதலாவது இரண்டாவதற்குள் இடைவிடாது கலக்கிறது.

அந்த முதற்பகுதியில், ருமேனியக் குடியானவரிடையே வழங்கிய ‘ஹோரா லுங்கா’ என்னும் நெடும்பாட்டின் சாயலை ஆய்வாளர் காண்கின்றனர். தாளக்கட்டின்றி, சுரங்களைச் சுற்றிச் சுற்றி அலங்கரித்து, பாடுவோரின் மனோதர்மத்தால் விரியும் பாடல் அது. நம் விருத்தத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு அந்நியமாகத் தோன்றாது. பார்ட்டோக் 1913இல் மாராமரோஷ் என்னும் மலைவட்டாரத்தில் அலைந்து சேகரித்த பாடல்களுள் இவ்வகையும் உண்டு. அந்த வட்டாரத்தின் தலைநகரான சிகெட்டில்தான் நம் வயலின் வித்துவான் சிறுபிராயத்தைக் கழித்தார்; அவர் குடும்பப்பெயரே அவ்வூரின் பெயர். ஆகவே, வாஷிங்டன் மேடையில் அந்த நெடும்பாட்டின் எதிரொலியை அவர் வில் எடுத்தபோது, ஊர்விட்டு வந்த பிள்ளையிடம் ஊர்க்குரலே திரும்பி வந்தது எனலாம். அதைச் சேகரித்தவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்.

1928இல் எழுந்த முதல் ராப்ஸோடி சிகெட்டிக்கே உரிமையாக்கப்பட்டது. மெதுநடையான ‘லஷ்ஷூ’, விரைநடையான ‘ஃபிரிஷ்’ என்ற பழைய ஹங்கேரிய நடனமுறைகள் இரண்டும் இதன் இரு அங்கங்கள். மெட்டுகள் கிராமத்துப் பிடில்காரர்களிடம் கேட்டவை. இதைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேட்டவுடன் கால் தாளமிடும்.

கேட்டல் என்னும் கலை

அன்பர்களே, இவ்விருவரின் வாசிப்பையும் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். முதலில் எனக்கு அது பிடிபடவில்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரிகளிலேயே வளர்ந்த நான், பியானோவைத் தம்பூராவும் மிருதங்கமும் கலந்த ஒரு பின்னணியாக எண்ணி, வயலினை மட்டும் பின்தொடர்ந்தேன். ஒருநாள் இரவு, கடைசித் தட்டு சுழன்றுகொண்டிருக்கையில், வயலின் மௌனமாயிருக்கும் இடங்களில் எனக்கு ஒன்று புலப்பட்டது. அந்த மௌனம் ஓய்வு அன்று. சிகெட்டி அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்; அவர் மீண்டும் வில்லை எடுக்கும்போது, அந்த முதற்சுரத்தின் எடை, நிறம், வேகம் யாவும் பியானோ கடைசியாகச் சொன்னதன் விடையாக இருக்கிறது. அன்றுமுதல் எனக்கு அது இருவர் இசையாயிற்று.

கல்விக்குப் பக்கத்தில் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். கேள்வி என்னும் ஒரே சொல்லால் செவியால் பெறும் அறிவையும், வினாவையும் குறிக்கும் தமிழர்க்கு இவ்விருவர் செய்தது எளிதில் விளங்கும். ஒருவர் மற்றவரைக் கேட்பதே ஒரு வினா. மற்றவர் வாசிப்பது அதற்கு விடை. அவ்விடையே அடுத்த வினா. இதற்கு இருவரும் ஒரே குரலுடையவராதல் வேண்டா. வில் வில்லாகவும் சுத்தியல் சுத்தியலாகவும் இருக்கலாம். காந்தாரத்தில் பதினான்கு பங்கு வேறுபாடும் இருக்கலாம். ஒன்றாகிவிடுவது வேறு, ஒத்திருப்பது வேறு என்று அறிந்தால் போதும். ஒரே குரல், ஒரே இனம், ஒரே நெறி என்று முழங்கிப் படைகள் நாடுகளுக்குள் புகுந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், இரு வேறு குரல்கள் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரு மணி நேரத்துக்குமேல் உரையாடின என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

அவ்வாண்டு மே மாதம் பார்ட்டோக் தாயகம் திரும்பி, அக்டோபரில் மனைவியுடன் நிரந்தரமாக வெளியேறினார். 1945 செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க் நகரில், இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவருக்குப் பின் இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சிகெட்டி 1973இல் மறைந்தார். அரங்கை அளித்த அம்மையாரும் 1953இல் மறைந்துவிட்டார். எஞ்சியிருப்பவை அரங்கமும், அவருடைய நிதியும், சில தட்டுகளுமே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டாம் ஸொனாட்டாவின் முடிவை ஒருமுறையாவது கேளுங்கள். அத்தனை வேகமும் முழக்கமும் அடங்கியபின், வயலின் எட்டக்கூடிய உயரத்தில் ஓர் ஒலியை மெல்லப் பிடித்து நிற்கிறது. பியானோ மிகத் தாழ்ந்து ஒலிக்கிறது. இரண்டுக்கும் நடுவே பல ஸ்தாயிகளின் வெளி. ஆனால் அந்த வெளியின் இரு கரையிலும் நிற்கும் சுரங்கள் ஒன்றோடொன்று முற்றும் இசைந்து நிற்கின்றன. பியானோவின் ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. அது தேயுமளவுக்கு ஏற்ப வில்லும் மெலிகிறது. எது முதலில் ஓய்ந்தது என்று எத்தனைமுறை செவியைத் தீட்டிக் கேட்டும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.